தம்பதியராக வரவும்

இப்போதெல்லாம் பரிசு போனில் வருகிறது. "வாழ்த்துகள் மேடம், உங்க நம்பருக்கு" என்று ஒரு பெண் குரல் ஆரம்பித்ததும் நான் வைத்துவிடுவேன். வைத்த பிறகு போனையே அணைத்துவிடுவேன். என் மகன் சிரிப்பான். "கல்யாணக் கூட்டத்தையே தனியா சமாளிச்ச அம்மா, ஒரு போனுக்கா இப்படி?" என்பான். சிரிக்கட்டும். அவன் அந்த ஹாலுக்குள் வந்ததில்லை.

போன வாரம் நான் வேலை பார்த்த ஓட்டலிலிருந்து சுகன்யா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு பார்ட்டி ஹாலைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். "ஸ்டெல்லாக்கா, ஒரு ஹாலிடே கிளப்காரங்க வந்திருக்காங்க. ஞாயித்துக்கிழமை பூரா ஹால் வேணுமாம். அட்வான்ஸ் கையிலயே வெச்சிருக்காங்க. ஆனா சுவத்துக் கடிகாரத்தைக் கழட்டிடணுமாம். எதுக்குக்கா கடிகாரத்தைக் கழட்டணும்?" என்று கேட்டாள்.

இன்னும் அதே கடிகாரக் கதையா? "அட்வான்ஸ் வாங்கிடாதே. எழுதி அனுப்புறேன், படிச்சுட்டு முடிவு பண்ணு" என்றேன். போனில் சொல்லி முடிகிற சமாச்சாரமில்லை இது. அவளுக்கு எழுதியதுதான் இனி வருவது.

சேலம் அஸ்தம்பட்டியில் ஏற்காடு ரோட்டு மேல் இருக்கிற நம் ஓட்டலில் நான் சேர்ந்தது என் வீட்டுக்காரர் தவறிய மறுவருஷம். பங்குச் சாமியார் சொல்லி வேலை கிடைத்தது. முதலில் துண்டு மடித்தேன், அப்புறம் அறை கூட்டினேன், அப்புறம் ரிசப்ஷனில் உட்கார்ந்தேன், கடைசியில் ஹால் சூப்பர்வைசர். நடுவில் எத்தனையோ திட்டு வாங்கினேன். அதையெல்லாம் எழுதினால் உனக்குத் தூக்கம்தான் வரும், விட்டுவிடுகிறேன்.

என் மேனேஜர் சுந்தரேசன் சாரைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்து மேசைமேல் விரிப்பார். இரண்டாக மடிப்பார், நாலாக மடிப்பார், ஓரத்தை விரலால் அழுத்தித் தேய்ப்பார். அதற்குள் எதிரில் நிற்கிறவனுக்கு வேர்த்துவிடும். அவருக்குப் பிடித்த வார்த்தை "தெரியாது". எந்த அறைக்கு யார் யாரோடு வந்தார்கள் என்பது அந்த மனுஷனுக்கு அத்துப்படி. கேட்டால் தெரியாது. "நாம இடத்தைத்தான் வாடகைக்கு விடுறோம் ஸ்டெல்லா. உள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் கூடாது" என்பார். ஒரு வெயிட்டர் பையன், புருஷனைத் தேடி வந்த ஒரு பெண்ணிடம் அறை எண்ணைச் சொல்லிவிட்டான். அன்று சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார். பையன் காலில் விழுந்தான். சார் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். அதை நான் கதவோரம் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு அவரிடம் பயம்.

வருஷா வருஷம் மலைமேல் தங்கலாம் என்று சொல்லிப் பெரிய தொகைக்கு மெம்பர்ஷிப் விற்கிற அந்தக் கிளப்காரர்கள் வந்தபோது என் பையன் இன்ஜினியரிங் இரண்டாவது வருஷம். என் சம்பளத்தை விட்டால் வேறு நாதி கிடையாது.

அவர்களுடைய கடிதக் கட்டுகள் எங்கள் ரிசப்ஷனில்தான் வந்து இறங்கும். கெட்டித் தாள், தங்க நிற ஓரம். "தங்கள் குடும்பம் எங்கள் அதிர்ஷ்டக் குலுக்கலில் தேர்வாகியுள்ளது" என்று ஆரம்பம். கீழே தங்க நாணயம், மிக்ஸி, மலைமேல் மூன்று நாள் தங்கல், இந்த மூன்றின் படம். ஏதாவது ஒன்று நிச்சயமாம். முகவரி எங்கிருந்து கிடைத்தது என்று கேட்காதே. பொருட்காட்சியிலும் பெட்ரோல் பங்கிலும் கூப்பனில் பேர், போன், ஊர் எல்லாம் எழுதிப் பெட்டியில் போட்டது யார்? நாம்தான். படங்களுக்குக் கீழே பொடி எழுத்தில் நிபந்தனைகள். தம்பதியராக வரவும். அடையாள அட்டையை எடுத்து வரவும். ஏடிஎம் கார்டு எடுத்து வரவும். பரிசு வாங்கப் போகிறவன் எதற்கய்யா கார்டு எடுத்துப் போக வேண்டும் என்று ஒருத்தருக்காவது தோன்ற வேண்டுமே! தோன்றாது. தங்க நாணயம் கண்ணை மறைத்துவிடும்.

தம்பதியாக ஏன் வரச் சொல்கிறார்கள் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. அவர்களுடைய டீம் லீடர் நிர்மல் என்று ஒருவன், கோட்டும் சென்ட்டுமாக இருப்பான். அவனே பெருமையாகச் சொன்னான். "ஒருத்தர் மட்டும் வந்தா, ஊட்ல கேட்டுச் சொல்றேன்னு எழுந்து போயிடுவாங்க ஆண்ட்டி. ரெண்டு பேரும் வந்துட்டா வீட்ல கேக்குறதுக்கு யாரு இருக்கா?"

சனிக்கிழமை சாயங்காலமே எங்களை வைத்து ஹாலைத் தயார் செய்வார்கள். கடிகாரத்தைக் கழற்றச் சொல்வார்கள். நேரம் தெரிந்தால் ஆள் எழுந்துவிடும். ஜன்னல் திரையை இழுத்து மூட வேண்டும். ஏசியைக் குளிர் உறைக்கிற அளவுக்கு வைக்க வேண்டும். பாட்டுச் சத்தத்தில் பக்கத்து மேசையில் பேசுவது கேட்கக் கூடாது. மேசைக்கு மூன்று நாற்காலி. புருஷன், மனைவி, நடுவில் அவர்கள் ஆள். வாசலில் வரவேற்பு வளைவு கட்டி, வருகிற ஜோடிக்கெல்லாம் மாலை போட்டு ஒரு போட்டோ எடுப்பார்கள். அப்புறம் டோக்கன் கவுண்டரில் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் வில்லையைக் கொடுப்பார்கள். எல்லாம் முடிந்துதான் அட்டை திரும்பக் கிடைக்கும். சாப்பாடும் அப்படித்தான். மெம்பர் பாரத்தில் கையெழுத்து விழுந்தால்தான் டீயே கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு உத்தரவு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது குழந்தைகள் அறை. கல்யாணத்துக்கு மணப்பெண்ணை அலங்கரிக்கிற சின்ன அறை ஒன்று ஹாலை ஒட்டி உண்டு. அதில் பலூன் கட்டி, டிவியில் பொம்மைப் படம் போட்டு, வருகிற பிள்ளைகளையெல்லாம் அதற்குள் விட்டுவிடுவார்கள். வாசலில் அவர்களுடைய பெண் ஒருத்தி நிற்பாள். தாய் எழுந்து வந்தால் சிரித்துக்கொண்டே மறித்து, "பாப்பா ஜாலியா இருக்கு மேடம், சார் பேசி முடிக்கட்டும்" என்பாள். அடையாள அட்டை ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். எவள் எழுந்து போவாள்?

ஒருமுறை ஆண்கள் கழிவறை ரொம்ப நேரமாகப் பூட்டிக் கிடக்கிறது என்று கூட்டுகிறவள் வந்து சொன்னாள். நான் போய்த் தட்டினேன். உள்ளேயிருந்து ஒரு வயசானவர் குரல், "அந்தத் தம்பி போயிட்டாராம்மா?" என்றது. ரிட்டயர்டு வாத்தியார். மேசையில் மாற்றி மாற்றி மூன்று பேர் பேசியதில் பயந்து வந்து ஒளிந்துகொண்டிருக்கிறார். பெண்டாட்டியை அங்கேயே விட்டுவிட்டு! எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கதவைத் திறந்தபோது முகத்தைப் பார்த்தேன், சிரிப்பு போய்விட்டது. சாரிடம் சொன்னேன். கைக்குட்டை வெளியே வந்தது. நான் ஹாலுக்குத் திரும்பிவிட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கோமதி வந்தாள்.

திருச்செங்கோட்டுப் பக்கத்து ஊர். கிளிப்பச்சைப் புடவை, தலை நிறையப் பூ, கையில் நாலு வயசுப் பெண் குழந்தை. கூட வந்த பையன் மடிப்புக் கலையாத புதுச் சட்டை போட்டிருந்தான். சாப்பாட்டைத் தட்டில் எடுத்து வைக்கிற பேன்ட்ரி அறையின் கதவை ஒட்டிய மேசையில் உட்கார வைத்தார்கள். குழந்தையை வழக்கம்போல் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் தண்ணீர் வைக்கப் போனபோது அவள், "சரவணா, அந்தப் பையை இந்தப் பக்கம் நகத்து" என்றாள். என் கை ஜக்கிலேயே நின்றுவிட்டது. அந்தப் பக்கத்தில் எந்தப் பெண் புருஷனைப் பேர் சொல்லி, வா போ என்று கூப்பிடுவாள்? இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டு நகர்ந்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை, பேன்ட்ரி கதவிடுக்கில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நிர்மல் மைக்கை எடுத்துக்கொண்டு மேசை மேசையாக வந்தான். புருஷனுக்கு மனைவியைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று ஒரு விளையாட்டு. "சொல்லுங்க சார், மேடத்துக்குப் பிடிச்ச பலகாரம் என்ன?"

அந்தப் பையன் எழுந்து நின்றான். கூச்சத்தில் காது சிவந்துவிட்டது. "அண்ணிக்கு வந்துங்க, கச்சாயம்..." என்றவன் அப்படியே நிறுத்தினான்.

மைக் வாயருகே வரும் முன்பே சொல்லிவிட்டதால், பாட்டுச் சத்தத்தில் அது மற்ற மேசைக்காரர்களுக்குக் கேட்கவில்லை. நிர்மலுக்குக் கேட்டது. எனக்கும் கேட்டது. நிர்மல் மைக்கை அணைத்தான். சிரித்த முகம் மாறாமல் அந்த மேசையிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மெதுவாகப் பேச ஆரம்பித்தான். அவன் பேசப் பேச அந்தப் பெண்ணின் கை முந்தானையைச் சுருட்டிக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் எழுந்து கழிவறைப் பக்கம் வந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏனுங்கக்கா, போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவாங்களாங்க?" என்றாள்.

"யாரும்மா அந்தப் பையன்?"

"எங்க கொழுந்தனாருங்க. எங்கூட்டுக்காரரு போர் வண்டியோட சத்தீஸ்கர் போயிருக்காருங்க, பொங்கலுக்குத்தான் வருவாரு. கடுதாசி அவரு பேருக்கு வந்துச்சு. அத்தைதான், வந்த பரிச எதுக்கு உடறே, சரவணனக் கூட்டிட்டுப் போ, அங்க எவன் வந்து பாக்கறான்னு சொல்லித் தாட்டி உட்டாங்க."

கொழுந்தனோடு இப்படி அனுப்பி வைப்பது வெளியாளுக்கு விபரீதமாகத் தெரியும். அந்த ஊர்ப் பக்கம் இதில் ஒன்றுமே இல்லை. ஆண்பிள்ளை ஆழ்துளைக் கிணறு தோண்டுகிற ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாசக்கணக்கில் வர மாட்டான். ஆஸ்பத்திரிக்கு, பேங்குக்கு, பிள்ளையின் ஸ்கூல் மீட்டிங்குக்கு எல்லாம் கொழுந்தன்தான் அண்ணியைக் கூட்டிக்கொண்டு போவான், அண்ணன் இடத்தில் கையெழுத்தும் போடுவான். அந்தப் பழக்கத்தில் இங்கேயும் போட்டுவிட்டான். மாலையையும் போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றுவிட்டார்கள்.

"என்ன சொல்றான் அவன்?" என்றேன்.

"தம்பதின்னு பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கீங்க, கேஸ் போட்டா ரெண்டு பேரும் உள்ள போகணும்னு சொல்றாருங்க. மெம்பரா சேந்துட்டா நாங்க ஏன் வாயத் தெறக்கப் போறோம்ங்கறாரு. இல்லீனா அந்தப் போட்டோ உங்கூர் வாட்ஸ்அப்புக்குத் தானா வந்துரும்ங்கறாரு." மூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள். "சரவணனுக்குப் பொண்ணு பாத்து முடியற மாதிரி இருக்குதுங்க. கார்டுல இருக்கறது வண்டி டியூவுக்கு வெச்சதுங்க. பணம் போனாலும் அழுதுட்டு இருந்துருவேனுங்க. போட்டோ ஊருக்குள்ள வந்துச்சுன்னா எம்பொழப்பே போச்சுங்க."

அவளை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு சாரின் அறைக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கைக்குட்டையை விரித்தார். நாலாக மடித்து ஓரத்தைத் தேய்த்து முடிக்கும்வரை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "எனக்குத் தெரியாது ஸ்டெல்லா. நீங்களும் எங்கிட்ட எதுவும் சொல்லலை" என்றார்.

வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு என் பையனின் பீஸ்தான் முதலில் ஞாபகம் வந்தது. அந்த வெயிட்டர் பையன் காலில் விழுந்ததும் ஞாபகம் வந்தது. நமக்கென்ன, பேசாமல் போய்த் தண்ணீர் ஊற்றுவோம் என்றுதான் நினைத்தேன். மாதாவே என்று கும்பிட்டுக்கொண்டே நடந்தேன். கால் தானாகக் குழந்தைகள் அறைக்குப் பின்னால் போய்விட்டது.

மணப்பெண் அறைக்குப் பேன்ட்ரி பக்கமாக இன்னொரு கதவு உண்டு. முகூர்த்த நாளில் பலகாரத் தட்டு கொண்டுபோவதற்காக வைத்தது. கிளப்காரர்கள் அதன்மேல் பலூன் துணியைக் கட்டி மறைத்திருந்தார்கள். அதன் சாவி என் கொத்தில் இருந்தது. திறந்தேன். பிள்ளைகளெல்லாம் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற பெண் ஹால் பக்கம் திரும்பி நின்றாள். "வா சாமி, அம்மா கூப்புடுது" என்று கிசுகிசுத்தேன். அந்தக் குட்டி ஒரு சத்தம் போட்டிருந்தால் என் கதை முடிந்திருக்கும். பேசாமல் எழுந்து வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டது. என் போன் நம்பரைக் கோமதியிடம் எழுதிக் கொடுத்து, தாயையும் பிள்ளையையும் சமையல்கட்டு வழியாகப் பின்வாசலுக்கு அனுப்பினேன்.

சரவணன் இன்னும் மேசையில் இருந்தான். நிர்மல் அவன் தோள்மேல் கை போட்டிருந்தான். ஸ்வைப் மெஷின் மேசைக்கு வந்துவிட்டது. நான் தண்ணீர் ஜக்கோடு போனேன். "சார், உங்க பைக் வழிய மறிச்சு நிக்குதாம். செக்யூரிட்டி கத்துறான், எடுத்துடுங்க" என்றேன். என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"கீ குடுங்க பிரதர், நம்ம பசங்க எடுப்பாங்க" என்று நிர்மல் கை நீட்டினான்.

சரவணன் என்னைப் பார்த்தான், அவனைப் பார்த்தான். "இல்லீங்க, பழைய வண்டி. எங்கையால ஒதைச்சாத்தானுங்க ஸ்டார்ட் ஆகும்" என்று எழுந்து நடந்தான். ஓடவில்லை. அந்தப் பயத்திலும் ஓடாமல் நடந்தான் பார், அதற்கே அவனை மெச்ச வேண்டும்.

அவர்கள் போன பிறகு நிர்மல் என்னிடம் வந்து, "எங்க ஆண்ட்டி அந்த லேடி?" என்றான். "தெரியாது" என்றேன். சார் சொல்லிக்கொடுத்த வார்த்தை. டோக்கன் கவுண்டரில் இருந்த பெண் மட்டும், சாயங்காலம் மேசையைக் கலைக்கும்போது, ஒரு வார்த்தையும் பேசாமல் சரவணனின் அடையாள அட்டையை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். மறுநாள் அதை அந்த முகவரிக்கே கூரியரில் அனுப்பிவைத்தேன். கோமதியும் போன் செய்து, "நல்லபடியா வந்து சேந்துட்டமுங்கக்கா" என்றாள். செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன், பைத்தியக்காரி.

அடுத்த மாசம் ரிசப்ஷனில் புதுக் கடிதக் கட்டு வந்து இறங்கியது. கயிற்றை அறுத்தேன். முதல் தாளில் கோமதி நின்றாள். கழுத்தில் மாலை, பக்கத்தில் மாலையோடு சரவணன், இடுப்பில் குழந்தை. மேலே பெரிய எழுத்தில், "எங்கள் அதிர்ஷ்டத் தம்பதி! அடுத்தது நீங்களா?"

நிர்மல் பழிவாங்கத்தான் போட்டானா, இல்லை அச்சடித்தவன் குழந்தையோடு நல்ல படமாக இருக்கிறது என்று எடுத்துப் போட்டானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கொண்டுவந்த பையனிடம் மற்றதெல்லாம் எங்கே என்று கேட்டேன். "இது மிச்சங்க்கா. இந்தத் தடவை நாமக்கல், திருச்செங்கோடு சைடு. போன வாரமே அனுப்பியாச்சு" என்றான். கோமதிக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தது. திரும்பத் திரும்பப் போட்டேன். அந்தப் பெண் கயிற்றில் தொங்குகிற மாதிரியே கண்ணுக்குள் வந்து நின்றது.

சாரிடம் கடிதத்தை வைத்தேன். அவர் படத்தைப் பார்த்தார், அப்புறம் அடியில் பார்த்தார். "நம்ம ஓட்டல் பேரும் இருக்கு" என்றார். கைக்குட்டையை எடுக்கவில்லை. என் முன்னாலேயே போன் போட்டு அவர்களுடைய அடுத்த புக்கிங்கையெல்லாம் ரத்து செய்தார். அப்புறம், "நாளைக்கு உங்களுக்கு லீவுதானே?" என்றார். எனக்கு லீவு இல்லை என்பது அவருக்கும் தெரியும். "எங்க போறீங்கன்னு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு பைலைத் திறந்துகொண்டார்.

மறுநாள் காலை, கூரியர் ரசீதில் இருந்த முகவரியைப் பார்த்துப் பஸ் பிடித்துக் கோமதியின் ஊருக்குப் போனேன். வீட்டு வாசலில் ஏகப்பட்ட செருப்பு. போய்விட்டாள் என்றே நினைத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தபோது சமையலறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். உயிரோடு இருக்கிறாள், அது போதும் என்று மூச்சு விட்டேன்.

கூடத்தில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சரவணனுக்குப் பார்த்திருந்த பெண் வீட்டுக்கே அந்தக் கடிதம் போயிருக்கிறது. அவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "ஏனுங்க, மாப்பிள்ளைக்கு முன்னயே கல்யாணம் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். சரவணன் பயந்துபோய் மேட்டூரில் யார் வீட்டுக்கோ ஓடிவிட்டான். ஓடினால் ஊர் என்ன நினைக்கும்? கோமதியின் புருஷன் பழனிசாமி வண்டியை விட்டுவிட்டு ரயிலேறி வந்து, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். கோமதியை அவளுடைய தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று பேச்சு நடந்துகொண்டிருந்தது.

நான் யாரென்று சொல்லி, அன்று நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். மீசைக்காரர் ஒருவர், பழனிசாமியின் பெரியப்பா, குறுக்கே வந்தார். "நீங்க ஓட்டல்காரங்க. நீங்களும் அந்தக் கூட்டந்தானுங்களே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவர் விடவில்லை. "சேரி, ஏமாத்திக் கூப்புட்டாங்கன்னே வெச்சுக்குவோம். இந்தப் புள்ளையக் கொழுந்தங்கூடப் போகச் சொன்னது யாருங்க?"

"அவங்க மாமியார்தான் அனுப்பினதா கோமதி அன்னிக்கே எங்கிட்டச் சொல்லுச்சு" என்றேன்.

எல்லோரும் மாமியாரைப் பார்த்தார்கள். அந்த அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க சாமி. நான் அன்னிக்கு மேலுக்கு முடியாமப் படுத்திருந்தேன்" என்றது. நான் கோமதியைப் பார்த்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மாமியாரை அத்தனை பேருக்கு முன்னால் பொய்க்காரி என்று சொல்லிவிட்டு எந்த வீட்டில் போய் வாழ்வாள்?

அதற்கு மேல் என் பேச்சு எடுபடவில்லை. பழனிசாமி, "வாங்க, பஸ் ஸ்டாப்புல உட்டர்றேன்" என்று பைக்கை எடுத்தான். ஸ்டாப்பில் இறக்கிவிட்டுக் கிளம்பாமல் நின்றான்.

"எங்கம்மாதான் தாட்டி உட்டுச்சுன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றான். "அன்னிக்குக் காத்தால எனக்குப் போன் போட்டுக் கேட்டுச்சு. தம்பிய அனுப்பட்டுமா கண்ணுன்னு. நாந்தான் சேரி, போகட்டும்னு சொன்னனுங்க."

"இதை ஏன் அங்க சொல்லலை?" என்றேன்.

"சொன்னா எங்கம்மா பொய் பேசுனதா ஆயிருமுங்க. பெரியப்பா எல்லாம் இருக்காங்க. கட்டுனவளத் தம்பி கூடத் தாட்டி உட்டவன்னு என்னையும் நாலு பேரு..." முடிக்காமல் நிறுத்தினான். ரிக்கில் இரும்புக் குழாய் தூக்குகிற கையால் ஹேண்டில்பாரில் இருந்த தூசியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "உங்க அம்மாவுக்கு மானம், உங்களுக்குப் பயம், உங்க தம்பி ஓடிட்டான். எல்லாத்துக்கும் சேத்து அவ ஒருத்தி மூட்டை கட்டிட்டுப் போகணுமா? அங்க ஹால்ல ஒருத்தன் அவளை மிரட்டினான். அவன் முன்னப்பின்ன தெரியாதவன். நீங்க யாருங்க அவளுக்கு?" என்றேன். பஸ் வந்து நின்றது, நான் ஏறவில்லை. போய்விட்டது.

அவன் பைக்கை வந்த பக்கமே திருப்பினான். அப்புறம், "ஏறுங்க" என்றான்.

திரும்பப் போனோம். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நடுவில் போய் நின்றான். "நாந்தான் தாட்டி உட்டேன். போன்ல நாந்தான் போகச் சொன்னேன். எங்கம்மாவுக்கு ஒண்ணுந் தெரியாது" என்றான்.

தாயின் பொய்யையும் சேர்த்துத் தன் தலையில் போட்டுக்கொண்டான். அந்த அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தது. பெரியப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அதைய மொதல்லயே சொல்றதுக்கு என்றா?" என்று முணுமுணுத்தபடி வெளியே போனார். ஒவ்வொருத்தராகச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். கோமதி அழவில்லை. சுவரை விட்டு நகர்ந்து வந்து புருஷனைப் பார்த்து, "இதைச் சொல்றதுக்கு இத்தன நாளு வேணுமாங்க உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

சரவணனுக்கு அப்புறம் வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. கோமதி எப்போதாவது போன் பண்ணுவாள். போன பொங்கலுக்குப் பேசியபோது, "நல்லா இருக்கியாம்மா, உங்க மாமியார் எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"நல்லாத்தானுங்க இருக்கறேன். ஊட்டுல யாரும் என்னைய ஒரு வார்த்தை சொல்றதில்லீங்க" என்றாள். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டாள். "ஆனா அத்தை, கடைக்குப் போயிட்டு வா, கோயலுக்குப் போயிட்டு வான்னு சொன்னா நான் ஒடனே கெளம்பறதில்லீங்கக்கா. பக்கத்தூட்டு ஆளு யாராச்சும் வர்ற வரைக்கும் ஏதாவது வேலை பாத்துட்டு நிப்பேன். அவங்க முன்னாடி, என்னமோ போகச் சொன்னீங்களேத்தைன்னு கேட்டு, அத்தை வாயால இன்னொருக்காச் சொன்ன பொறவுதான் செருப்பத் தொடறேங்க."

"உங்க வீட்டுக்காரர்கிட்டயுமா?" என்றேன்.

"அவருகிட்டயுந்தானுங்க" என்றாள்.